தரையில் ஒழுகிய படகு

பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து, என் வீட்டு முன்னால் இரண்டு கல்லின் மேல் ஏற்றி வைத்த மூன்றாம் நாள் காலையில் அந்தப் படகு ஒழுக ஆரம்பித்தது. உள்ளேயிருந்து வெளியே ஒழுகவில்லை, உள்ளே அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்ததில்லை. சுற்றிலும் புழுதியும் ஆட்டுப்புழுக்கையும் காய்ந்த முள்ளும்தான் கிடந்தன, அப்படியிருக்க அடித்தகட்டில் இருந்த பதினேழு ஓட்டை வழியாகவும் தண்ணீர் கொப்பளித்து உள்ளே ஏறியது, நடு ஆற்றில் நிற்கிற ஓட்டைப் படகுக்குள் எப்படி ஏறுமோ அப்படி. நான் குனிந்து அடியில் கைவிட்டுத் தடவினேன். வெயில் பட்ட தகடு சுட்டது, விரலில் தூசி ஒட்டியது. நிமிர்ந்து எட்டிப் பார்த்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னிடம் இருந்தது இருபது நாள், அதில் மூன்று போய்விட்டிருந்தது.

அந்த இருபது நாள் என் மகளுடையது. மகள் மாதேஸ்வரி, எங்கள் அணைக்கு அக்கரையில், கொண்டையனூரில் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி, அறுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் சென்னகேசவன் என் பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் போனில் கூப்பிட்டு என்னைக் கேட்டான்.

“பங்குனி தாண்டாதுன்னுட்டாங்க மாமா. ஒரு தடவ வந்து பாத்துடுங்க.”

“அவ கூப்பிடச் சொன்னாளா?”

“நான் கூப்பிடறேன்.”

அவன் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மகள் அவனோடு போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஊஞ்சமரத்துக்கொட்டாயிலிருந்து அக்கரைக்குப் போக இருப்பது பரிசல் ஒன்றுதான், பரிசல் என்றால் தீர்த்தகிரி, துறை அவன் பேரில் இருந்தது, வேறு ஒருவரும் ஆள் ஏற்றக்கூடாது. ரோட்டு வழியாகப் போனால் மூன்று பஸ் மாறி, அப்புறம் காட்டுக்குள் பதினெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்துக் குடித்து என் இரண்டு முழங்காலும் அரிவாள் மாதிரி வளைந்துவிட்டன, என்னால் ஆகாத தூரம் அது. தீர்த்தகிரியின் பரிசலிலோ நான் கால் வைக்க மாட்டேன். ஒரு சந்தை நாளில், பட்டப்பகலில், என் மகளையும் அந்தப் பையனையும் ஏற்றிக்கொண்டுபோய் அக்கரையில் இறக்கிவிட்டவன் அவன். போய்க் கேட்டதற்கு, “கரைக்கு வந்தவங்கள ஏத்தறதுதான் எந்தொழிலு, எதுக்குப் போறீங்கன்னு கேக்கறது போலீசு வேல” என்றான். மறுநாள் நான் போய் அவன் பரிசலை அரிவாளால் நாலு இடத்தில் கிழித்தேன். அன்றோடு அவன் என்னிடமும் நான் அவனிடமும் பேச்சை விட்டோம்.

ஆகவே, யார் தயவும் இல்லாமல் போக எனக்கு ஒரு படகு வேண்டியிருந்தது. சந்தைப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் அது கவிழ்ந்து கிடந்தது, பன்னிரண்டு அடி நீளம், எந்தக் காலத்திலோ எந்த வெள்ளத்துக்கோ யாரோ வாங்கியது, மேலே கோழி அடைந்து அடைந்து வெள்ளை பூத்திருந்தது. இரண்டு வெள்ளாட்டைக் கொடுத்து டெம்போவில் ஏற்றி வந்தேன். நான் ஆடு மேய்த்தவன், அடுத்தவன் காட்டில் கடலைக்காய் பிடுங்கினவன், படகைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் இது பாத்திரம் மாதிரிதானே, ஓட்டையை அடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அலுமினியத்தை ஈயம் என்போம். ஈயச் சட்டி, ஈயக் குண்டான், ஈயப் போசி. ஈயத்துக்கு ஈயம்தானே சேரும் என்று தர்மபுரிக்குப் போய் அரைக்கிலோ ஈயக்கம்பி வாங்கி வந்து, அடுப்புக்கரியில் ஓர் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஈயத்தோடு முதல் ஓட்டையில் வைத்தேன். ஈயம் உருகி, உருண்டு, பனித்துளி மாதிரி ஓடி மண்ணில் விழுந்தது. அடுத்ததிலும் வைத்தேன். அதுவும் ஓடியது. இரண்டு நாள் நான் படகுக்கு ஈயத்தை ஊட்ட, படகு அதைத் துப்பிக்கொண்டே இருந்தது. திரும்பவும் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

“பெரியவரே, நீங்க ஈயம்னு கேட்டீங்க, நான் ஈயம் குடுத்தேன்,” என்றான் கடைக்காரன். “அலுமினியம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது ஒட்டாதுன்னு சொல்லியிருப்பன் இல்ல?”

அலுமினியத்துக்கு அலுமினியத் தகட்டைத்தான் வெட்டி ஒட்டுப்போட வேண்டும், நடுவில் சைக்கிள் டியூபை வைத்து ரிவிட்டு அடிக்க வேண்டும், இரும்பு ஆணி ஆகாது, அரித்துவிடும் என்று அவன்தான் சொன்னான், ரிவிட்டு அடிக்கிற கைமெஷினையும் வாடகைக்குக் கொடுத்தான். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்து, காலையில் எழுந்தபோதுதான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் குடித்துப் பார்த்தவள் ரஞ்சிதம். என் கோழி இட்ட முட்டையைத் தன் கோழி இட்டது என்று ஆறு வருஷமாகச் சாதிக்கிறவள். கேட்காமலேயே சொம்பை விட்டு மொண்டாள்.

“அய்யோ, இனிக்குதுண்ணா,” என்றாள். “பல்லுல ஒட்டவே இல்ல.”

எங்கள் ஊரின் நிலைமை தெரிந்தால்தான் அவள் சொன்னது புரியும். ஆழ்குழாய்த் தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைத்துவிடும். அணைத் தண்ணீர் கோடையில் பச்சைப் பாசி கட்டி நாறும், காய்ச்சினால் இன்னும் நாறும். பிறந்த குழந்தைக்குப் பால் கலக்கக்கூட எங்களுக்கு நல்ல தண்ணீர் கிடையாது. அதனால் அன்று மத்தியானத்துக்குள் என் வாசலில் இருபது குடம், சாயங்காலத்துக்குள் அறுபது, மறுநாள் சாமி மரத்தடி வரைக்கும் வரிசை. தண்ணீர் ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வராதபோதுதான் ஏன் என்று கேட்போம், வந்தால் குடத்தை வைப்போம். எங்களுக்குப் பழக்கம் அப்படி.

நாலாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் முனிரத்தினம் வந்து படகைச் சுற்றி நடந்தார். கோயில் கிடா வெட்டிப் பங்கு வைத்தபோது என் இலையில் எலும்பாகப் பொறுக்கி வைத்தவர்.

“பச்சையப்பா, இதுக்கு ரசீது இருக்குதா?”

“இருக்குது.”

“படகுக்கா, ஓட்டைக்கா?”

“ஓட்டைக்கு எவன் ரசீது குடுப்பான்?”

“அப்படின்னா சரி,” என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “படகு பச்சையப்பனுது. ஓட்டை ஊருது.”

ஊர் தலையாட்டியது. அன்றைக்கே ஓட்டைகளைப் பங்கு பிரித்தார்கள். ஓட்டைக்கு ஒரு சைக்கிள் டியூபைச் செருகி, படகின் விளிம்புக்கு மேலே வளைத்து வெளியே தொங்கவிட்டு, டியூபின் வாயில் அந்தந்த வீட்டார் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். பெரிய ஓட்டை முனிரத்தினத்துக்கு, பக்கத்து ஓட்டை அவர் தம்பிக்கு, மூலை ஓட்டை கோயிலுக்கு, இரண்டு வீட்டுக்கு ஒன்று, மூன்று வீட்டுக்கு ஒன்று. “எங்க ஓட்டையில உன் குடத்த வைக்காத” என்று பெண்கள் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார், மாப்பிள்ளைக்கு ஓட்டையில் பங்கு உண்டா என்று கேட்டார்கள். தாலுகாவிலிருந்து ஒருவர் வந்து, கிணறு, குழாய், குளம், குட்டை என்றிருந்த தாளில் இதை எதில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, உலோகத்தாலான திறந்த கிணறு என்று எழுதிக்கொண்டு, ஒரு பாட்டிலில் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். காலனியில் இருக்கிற பதினாலு வீட்டுக்கும் சேர்த்து, வால் பக்கத்தில், முனை ஒடிந்த ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டையைக் கொடுத்தார்கள். அதற்கு டியூபு செருக முடியாது. காலனியிலிருந்து சின்னப்பாப்பா வந்து, ஒரு நூலைத் தொங்கவிட்டு, நூல் வழியாகச் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

இவ்வளவும் என் வாசலில் நடந்தது, என் படகில் நடந்தது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நடந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: என் மகளைப் போய்ப் பார்க்க வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும்.

“பரிசல்ல போயேன்,” என்றார் முனிரத்தினம்.

“போக மாட்டேன்.”

“அப்ப உன் வறட்டு ரோசத்துக்கு ஊரு பாசித்தண்ணி குடிக்கணுமா?”

நான் வீட்டுக்குள் போய் ஈயக் குண்டானை எடுத்து வந்து, அது அலுமினியம்தான், ஊர் எதிரிலேயே தகடு வெட்டும் கத்தரியால் அதை நெடுக வெட்டினேன். அதில்தான் எனக்குச் சோறு. அப்புறம் படகுக்கடியில் மல்லாந்து படுத்து, முனிரத்தினத்தின் ஓட்டையைத் தேடினேன்.

எதை முதலில் அடைப்பது, எதை அடுத்து அடைப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எலும்பு வைத்தவரின் ஓட்டை முதலில். வேலியை ஒரு முழம் என் பக்கம் தள்ளி நட்ட அவர் தம்பியின் ஓட்டை அடுத்து. என் மனைவி செத்தபோது மேளத்துக்கு வர நேரமில்லை என்றவன், என் ஆட்டை வண்டியில் அடித்துவிட்டு ஆடுதான் குறுக்கே வந்தது என்றவன், முட்டைக்காரி ரஞ்சிதம், திருவிழா நோட்டீசில் என் பேரை விட்டவன், இப்படி யார் யார் எனக்கு எவ்வளவு செய்தார்களோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடைத்தேன். அடிப்பக்கம் எப்போதும் காய்ந்தே இருந்தது, ஆகவே வேலைக்கு இடைஞ்சல் இல்லை. தகட்டை வெட்டி, டியூபை வைத்து, துளை போட்டு, ரிவிட்டை நுழைத்துக் கைமெஷினை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு வீட்டில் குடம் கவிழும். முதல் ஒட்டுகளைக் கோணலாகப் போட்டேன், விரலை வெட்டிக்கொண்டேன், இரண்டு ஒட்டைப் பிரித்து மறுபடி அடித்தேன். பத்தாவதுக்கு மேல் கை பழகிவிட்டது.

முதலில் கெஞ்சினார்கள். அப்புறம் வைதார்கள். அப்புறம் உப்பு கொடுக்கவில்லை, கடையில் தீப்பெட்டி கொடுக்கவில்லை, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினார்கள். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. நான் எழுந்து போனால் ஒட்டைப் பிரிக்கப் பார்த்தார்கள் என்பதால் படகுக்கடியிலேயே கிடந்தேன், அங்கேயே தின்றேன், தின்ன இருந்தபோது. ஒரு நாள் சென்னகேசவனின் போன் வந்தது. ரஞ்சிதம் என்னோடு பேசுவதில்லையே, அதனால் போனைச் சத்தமாக வைத்துக் கையை மட்டும் படகுக்கடியில் நீட்டிக்கொண்டு, முகத்தைத் தன் கோழிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கஞ்சி எறங்கல மாமா. தண்ணி மட்டும் ஸ்பூன்ல ஊத்தறோம். எப்ப வர்றீங்க?”

“அஞ்சு ஓட்டை பாக்கி.”

“என்னாது?”

“வந்துட்டே இருக்கறன்னு சொல்லு.”

போனை எடுத்துக்கொண்டு ரஞ்சிதம் கோழியிடம் சொன்னாள்: “பெத்த மனசு கல்லா இருந்தா, கோழி, அதுல ரிவிட்டுகூட அடிக்க முடியாது.” நான் அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஊசி ஓட்டை நின்றது. பங்குனி முடிய மூன்று நாள் இருந்தது. ஊரே வறண்டு, படகில் அந்த ஒரு சொட்டுத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா வழக்கம் போல நூலுக்குக் கீழே செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடியில் படுத்து, தகட்டை அளந்து வைத்துக்கொண்டு, அவள் எனக்கு என்ன செய்தாள் என்று யோசித்தேன். அவள் அம்மா என்ன செய்தாள், அவள் புருஷன் என்ன செய்தான் என்று யோசித்தேன். அறுபத்தாறு வருஷத்தையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. பங்கு பிரித்த அன்றைக்கு, என் படகின் ஊசி ஓட்டையைப் பதினாலு வீட்டுக்குக் கொடுத்தபோது நான் அங்கேயே நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை, என் ஓட்டை போகிறதே என்றுதான் பார்த்தேன்.

“சின்னப்பாப்பா, இதையும் மூடணும்.”

“தெரியுதுங்க.”

“ஒரு ஓட்டைதான், இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சன். நடுத்தண்ணியில உயிரு போயிடும்.”

“மூடுங்க. பொண்ணப் போய்ப் பாருங்க.” செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனா நாளைக்கு எம்புள்ளைங்க தண்ணி எங்கன்னு கேக்கறப்ப, நீங்களே வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டன்.”

டக்கென்றது. அந்த ஒரு சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே மிச்சமிருந்த தண்ணீரை நான் இறைத்து முடித்தபோது, படகு இரண்டு கல்லையும் விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, மெதுவாக ஆடிக்கொண்டு நின்றது. விரலால் தள்ளினேன், போயிற்று. அணை இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் இருந்தது, எப்படி இழுத்துப்போவது என்று இத்தனை நாளாக நான் கவலைப்பட்ட தூரம். விடிந்ததும் படகில் ஏறி உட்கார்ந்து துடுப்பால் ஒரு கல்லை உந்தினேன், அது முள்ளின் மேலும் பாறையின் மேலும் கடலைக்காட்டு வரப்பின் மேலும் சலசலவென்று மிதந்து போயிற்று, மண்ணில் அலைகூட எழும்பியது, நாய்கள் பக்கத்தில் ஓடி வந்தன. ஊர் பின்னாலேயே நடந்து வந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மகளிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததால் புரியவில்லை.

கரையைத் தாண்டி, மூக்கு தண்ணீரில் பட்டதும், கரக்கென்று நின்றது.

துடுப்பைப் போட்டேன். துடுப்பு தண்ணீரில் இறங்கியது, தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. படகுக்கு மட்டும் அது தரை. இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று முதுகு கொடுத்துத் தள்ளினேன். ஜல்லியில் இழுத்த அண்டா மாதிரி அலறிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் மாற்றி வைத்துக்கொண்ட படகுக்கு நான் பதினேழு ஒட்டுப் போட்டிருந்தேன். மறுபடி ஏறித் துடுப்பால் விளிம்பை அடித்தேன், அடித்து அடித்துத் துடுப்பு உடைந்தது. “மாதேஸ்வரீ” என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினேன். இரண்டு கல் தொலைவு. பசும்பாசிதான் அசைந்தது.

“ஊருக்கும் இல்லாமப் பண்ணிட்டான், அவனுக்கும் இல்லாமப் போச்சு,” என்று கரையிலிருந்து முனிரத்தினம் சொன்னது கேட்டது. யாரோ சிரித்தார்கள். சின்னப்பாப்பா சிரிக்கவில்லை, திரும்பி மேட்டைப் பார்த்து நடந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது துறைப் பக்கமிருந்து தீர்த்தகிரி பரிசலைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கும் வயதாகியிருந்தது, பதினோரு வருஷம் நான் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். வந்து பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், பரிசலில் கிடந்த கயிற்றை எடுத்தான்.

“ஏ கயிறு,” என்றான் கயிற்றைப் பார்த்து. “இந்தப் பரிசல்ல ஏற மாட்டாங்களாம். நீ போய் அந்த வளையத்துல ஏறிக்க.”

வீசினான். அது என் மடியில் விழுந்தது. நான் அதை வெகுநேரம் பார்த்தேன். பிறகு மூக்கு வளையத்தில் கட்டினேன்.

இழுக்க ஆரம்பித்தான். அன்றைக்கு எழுந்த சத்தத்தை எங்கள் அணையின் இரண்டு கரையும் இன்றும் பேசும். பன்னிரண்டு அடி அலுமினியத்தைக் கல்லிலும் ஜல்லியிலும் தேய்த்து இழுக்கிற சத்தம், அமைதியாகக் கிடந்த தண்ணீருக்கு நடுவில், முழம் முழமாக, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். மீன்கொத்திகள் மரத்தை விட்டுப் போயின. வலைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கயிறு விறைத்துத் தளர்ந்து, விறைத்துத் தளர்ந்து, அதன் ஒரு முனையில் அவன், மறு முனையில் நான். அடித்தகடு தேயத் தேய என் ஒட்டுகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போயின. ஓட்டைகள் திறந்தன, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தால் பாசியும் அதற்குக் கீழே மீன்களும் தெரிந்தன.

நடு அணையில் தீர்த்தகிரி மூச்சு வாங்க நிறுத்தினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு துடுப்பிடம் சொன்னான்.

“இதே எடந்தான் துடுப்பு, ஞாபகம் இருக்குதா? ஆறு வருசத்துக்கு முந்தி ஒருத்தி அம்மா மொகம் பாக்கணும்னு அழுதுட்டு வந்தா. இந்தப் பரிசல்லதான். கரையில ஒருத்தர் கல்லு பொறுக்கி வச்சிட்டு நின்னாரு.”

துடுப்பு என்ன சொல்லும்? அது நடந்ததுதான். என் மனைவியைத் தூக்குவதற்கு முன்னால் பரிசல் வருவதைப் பார்த்துக் கரைக்கு ஓடினேன், கையில் கிடைத்த கல்லையெல்லாம் எறிந்தேன், அவள் பரிசலில் எழுந்து நின்று “அப்பா, அப்பா” என்று இரண்டு தடவை கூப்பிட்டாள், மூன்றாவது கல் அவள் தோளில் பட்டது. அப்புறம் அவள் கூப்பிடவில்லை. பரிசல் திரும்பிப் போயிற்று.

“எறிஞ்சது தப்பு,” என்று நான் உடைந்த துடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்,” என்று அவன் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி இழுத்தான்.

அக்கரையில் மூக்கு மண்ணைத் தொட்டதும் படகு மிதந்தது, மிதந்த வேகத்தில் பதினேழு ஓட்டையிலும் தண்ணீர் ஏறி, கொண்டையனூர் முதல் வீட்டு வாசலில் நிறைந்து நின்றது. நான் நிற்கவில்லை, வளைந்த காலால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். எனக்குப் பின்னால் ஒருத்தி மொண்டு குடித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டது காதில் விழுந்தது.

சென்னகேசவன் வாசலில் நின்றான். நரைத்திருந்தான். “இருக்கறா,” என்றான். உள்ளே போனேன்.

கட்டிலில் ஒரு சின்ன உருவம் போர்த்திக் கிடந்தது. தலைமாட்டில் தண்ணீரும் ஸ்பூனும். கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் கண்டது, அதில் சந்தேகம் இல்லை. கண்டதும், உடம்பில் இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி, நான் உதவப் போவதற்குள், அவளாகவே, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். “மாதேஸ்வரி,” என்றேன். “கல்லெறிஞ்சது தப்பு,” என்றேன். “உங்கம்மா கடைசியில உம்பேரச் சொல்லித்தான் போனா,” என்றேன். முதுகு அசையவில்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும், அது என்னுடையது. பதினோரு வருஷம் நான் பச்சையாகக் காப்பாற்றியதை அவள் வேறு யாரிடமிருந்து வாங்கியிருப்பாள்? சென்னகேசவன் அவளிடம் குனிந்து என்னவோ சொன்னான், அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

இரண்டு நாள் அப்படி. வெளியே ஒரே கூச்சல். கொண்டையனூர்க்காரர்கள் ஓட்டைகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் முழுக்கப் பரிசல் பரிசலாக வந்து இறங்கி, ஓட்டை எங்களுடையது என்றது. கரை எங்களுடையது என்றது இந்த ஊர். முனிரத்தினத்தின் குரல், ரஞ்சிதத்தின் குரல் எல்லாம் கேட்டது. சின்னப்பாப்பா வந்திருக்கிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், வந்திருந்தாள், செம்போடு, எல்லோருக்கும் பின்னால் நின்றாள். வாசலுக்குப் போய், பெரிய ஓட்டை காலனிக்கு, இது என் படகு என்று கத்திச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அதை யாராவது கேட்டார்களா என்று தெரியாது.

மூன்றாம் நாள், பங்குனி முடிகிற அன்று, உச்சி வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் ஏறியது. சென்னகேசவன் கடைக்குப் போயிருந்தான். அறையில் அவளும் நானும்தான். சுவரைப் பார்த்தபடியே, காற்று மாதிரி ஒரு குரலில், அவள் சுவரிடம் சொன்னாள்:

“காலு மேல வெயிலு சுடுது. யாராவது கதவச் சாத்துனா தேவல.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்தேன். போய்க் கதவைச் சாத்தினேன்.